துடைப்பும் தேய்ப்பும்

மடிக்கணினியின் திரையில் கறை தெரிந்தால் நம்மில் பலருடைய கை தானாகவே ஒரு வேலையைச் செய்கிறது. வாயால் ‘ஹா’ என்று ஊதி, சட்டை நுனியையோ தோளில் கிடக்கும் துண்டையோ எடுத்து, வட்டவட்டமாகத் தேய்க்கிறோம். அப்படியும் போகாவிட்டால், பீரோ கண்ணாடிக்காக வாங்கி வைத்திருக்கும் நீலத் திரவத்தை நேராகத் திரைமேல் பீய்ச்சுகிறோம். அந்த நிமிடத்தில் திரை பளிச்சென்றுதான் இருக்கும். சேதம் பிறகு தெரியவரும். ஓரத்தில் ஒரு வெண்திட்டு, நடுவில் எண்ணெய் பூசினாற்போல ஒரு மினுக்கம், சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் கண்ணில் படும் நூறு மெல்லிய கீறல்கள்.

என்னுடைய பழைய மடிக்கணினி ஒன்றின் கீழ்விளிம்பில் அப்படியொரு வெண்திட்டு வந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்ததுமே கேட்டார்: “ஸ்ப்ரே அடிச்சுத் தொடச்சீங்களா சார்? தண்ணி கீழ இறங்கியிருக்கு.” நான் செய்ததை அருகில் நின்று பார்த்தவர்போலச் சொன்னார். திரையை மாற்ற ஆன செலவைவிட அந்தக் கேள்விதான் மனத்தில் நின்றது. அதன்பிறகு தயாரிப்பாளர்கள் வெளியிட்ட பராமரிப்புக் குறிப்புகளையும், பழுதுபார்ப்பவர்கள் சொன்னதையும், இந்தப் பொருள்களின் வேதியியலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். குறிப்புகள் சில இடங்களில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆனால் முரண்பாட்டுக்கெல்லாம் காரணம் ஒன்றே. துடைக்கும் பொருள் எது என்று பேசுகிறார்கள். துடைக்கப்படும் பரப்பு எது என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் சுத்தம் செய்வதற்கு ஒரே சொல் இல்லை. தூசியைத் தட்டுகிறோம், ஊதுகிறோம். ஈரத்தை ஒற்றி எடுக்கிறோம். மேசையைத் துடைக்கிறோம். தரையைத் தேய்க்கிறோம். பாத்திரத்தைத் துலக்குகிறோம். அடிப்பிடித்ததைச் சுரண்டுகிறோம். ஒவ்வொரு சொல்லிலும் கையின் அழுத்தம் ஒரு படி கூடுகிறது. மடிக்கணினியின் திரை இந்த வரிசையில் ‘துடை’ என்பதோடு நின்றுவிட வேண்டிய பொருள். தேய்த்தால் தேயும் என்பது இங்கே வெறும் சொல்விளையாட்டு இல்லை; திரையின் மேற்பரப்பில் தேய்ந்துபோகக்கூடிய ஒன்று உண்மையாகவே இருக்கிறது.

அது என்னவென்று பார்க்க வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் முகப்பு கனத்த கண்ணாடி. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலும் தாங்கியது. நம் கைப்பழக்கம் அந்தக் காலத்தில் உருவானது. மடிக்கணினியின் எல்சிடி திரையிலும் கண்ணாடி உண்டு. அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ கனமுள்ள இரண்டு தகடுகள், நடுவே திரவப் படிகம். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் நம் விரல் தொடுவது அந்தக் கண்ணாடியை இல்லை. அதன்மேல் ஒட்டிய துருவமாக்கிப் படலத்தைத்தான் தொடுகிறோம். அயோடின் ஏற்றி இழுத்து நீட்டிய பாலிவினைல் ஆல்கஹால் தாள் அது. அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1938இல் உருவாக்கிய முறையின் வழித்தோன்றல். அந்தத் தாளைக் காக்க இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் வகைப் படலம் இருக்கும். புகைப்படச் சுருளுக்கு அடித்தளமாக இருந்த அதே குடும்பத்துப் பொருள். அதன்மேல் கடினப் பூச்சு ஒன்று. ஆக, நாம் ‘கண்ணாடி’ என்று நினைத்துத் தேய்ப்பது பூச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் படலத்தை.

இந்தக் கடினப் பூச்சு எவ்வளவு கடினம்? திரைகளின் தொழில்நுட்பத் தாள்களில் அடிக்கடி காணும் அளவு ‘3ஹெச்’. பென்சிலின் அளவுதான் அது. 3ஹெச் பென்சிலால் கோடு இழுத்தால் தாங்கும் என்று பொருள். இப்போது நம் வீட்டுத் தூசியை நினைத்துப் பாருங்கள். தெருப்புழுதியில் மணல் இருக்கிறது. மணலில் குவார்ட்சு இருக்கிறது. மோ அளவுகோலில் குவார்ட்சின் கடினத்தன்மை 7. சாதாரணக் கண்ணாடியே ஐந்தரையைச் சுற்றித்தான். கண்ணாடியையே கீறக்கூடிய துகள், பென்சில் அளவில் கடினம் பார்த்த பூச்சின்மேல் துணிக்கடியில் சிக்கி இழுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

திரைகள் எல்லாம் ஒரே வகையும் இல்லை. அணைத்து வைத்த திரையில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிம்பம் கூர்மையாக விழுந்தால் பளபளப்புத் திரை. மங்கிக் கலைந்து தெரிந்தால் மேட் திரை. மேட் திரையின் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. பல திரைகளில் நுண்ணிய சிலிக்கா துகள்களைப் பிசினில் கலந்து அதை உண்டாக்குகிறார்கள். ஒளியைச் சிதறடிப்பது அந்த மேடுபள்ளம்தான். அழுத்தித் தேய்த்தால் மேடு மழுங்கும். மழுங்கிய இடம் பளபளக்கும். கறையை எடுத்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் நிரந்தரமாக ஒரு மினுக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொடுதிரை உள்ளவற்றிலும் விலை கூடிய பல மாதிரிகளிலும் முன்புறம் உண்மையான கண்ணாடி இருக்கும். அங்கே கவலை வேறு. கண்ணாடிமேல் எதிரொளியைக் குறைக்கும் பூச்சும், விரல் எண்ணெய் ஒட்டாமல் இருக்க ஃப்ளூரின் சேர்மப் பூச்சும் இருக்கலாம். எதிரொளி தடுக்கும் பூச்சில் ஓர் அடுக்கின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒளியலையின் நீளத்தில் கால்பங்கு என்ற கணக்கில் அமைந்த கனம் அது; அதைவிடத் தடிப்பாக வைத்தால் வேலையே செய்யாது. மெலிந்திருப்பது அதன் குறை இல்லை, தொழிலே அதுதான்.

அந்தப் பூச்சு உரிந்துபோனால் எப்படி இருக்கும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்தது. 2012 முதல் வந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோக்கள் சிலவற்றில் எதிரொளி தடுக்கும் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்தது. விசைகளும் கையணையும் படும் இடங்களில் அது மிகுதியாகத் தெரிந்தது. 2015இல் ஆப்பிள் தகுதியுள்ள கணினிகளின் திரையை இலவசமாக மாற்றித் தந்தது. பயன்படுத்தியவர்களில் பலர் முதலில் அதைக் கறை என்றே நினைத்து மேலும் தேய்த்திருக்கிறார்கள்.

கறை அல்லாத கறை

துணியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், கண்ணில் படுவது அழுக்குத்தானா என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான குறிப்புகள் இதைச் சொல்வதே இல்லை. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

திரையை அணைத்துவிட்டு, செல்பேசியின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேலே இருக்கும் பிசுக்கும் தூசியும் கோணம் மாற மாற மாறித் தெரியும். பிறகு திரையை வெள்ளை நிறத்தில் ஒளிரவிட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் தெரியும் மங்கல் திட்டு உள்ளே இருப்பது. பின்ஒளி அடுக்குகளுக்குள் ஈரம் போன தடமாகவோ அழுத்தம் பட்ட இடமாகவோ இருக்கலாம். எந்தத் துணியாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்க அழுத்தத் திட்டு பெரிதாகலாம்.

இரண்டுக்கும் நடுவே குழப்பும் ஒரு வகை உண்டு. திரையில் சதுரம் சதுரமாக, வரிசை பிடித்தாற்போலத் தடங்கள். விசைப்பலகையின் அச்சு அது. மூடியை மூடும்போது, பை நெருக்கும்போது, விசைகளில் இருக்கும் விரல் எண்ணெய் திரையில் ஒட்டுகிறது. புதிதாக இருக்கையில் ஈரத்துணியின் ஒரே இழுப்பில் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால், எண்ணெயோடு சேர்ந்த தூசி ஒவ்வோர் அசைவிலும் அதே இடத்தை அராவிக்கொண்டே இருக்கும். பிறகு எண்ணெயை எடுத்தாலும் தடம் நிற்கும். இதற்குத்தான் சிலர் விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே துணியை வைத்து மூடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் அந்த இடைவெளி மிகக் குறுகியது. கேமராவை மறைக்க ஒட்டும் மூடிகூட 0.1 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு சாதாரண அச்சுத்தாளுக்கு மேல், கனமாக இருக்கக் கூடாது என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. மடித்து வைத்த துணி திரையை உடைக்கலாம். விசைகளை வாரம் ஒருமுறை துடைப்பதே திரைக்குச் செய்யும் உதவி.

தூசி முதலில், ஈரம் பிறகு

தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது இது: அணையுங்கள், மின்இணைப்பைப் பிடுங்குங்கள், சூடு ஆறட்டும். நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு முள் செருகியில் அடாப்டரை மாட்டிய நிலையில் அலுமினிய உடல் மடிக்கணினியைத் தடவினால் விரலில் சுரீரென்று ஒரு கூச்சம் தெரியும். புவி இணைப்பு இல்லாததால் அடாப்டரின் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் உடலில் நிற்கிறது. ஈரத்துணியோடு அதைத் தொடுவது வேண்டாத வேலை. இன்னொரு நன்மையும் உண்டு. அணைந்த கறுப்புத் திரையில்தான் அழுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வேலை தூசியைத் துணிபடாமல் அகற்றுவது. கேமரா லென்சுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதுபந்து போதும். இல்லாவிட்டால், வண்ணம் தீட்டும் மென்மையான புதுத் தூரிகை. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி விழும். அதன்பிறகு சுத்தமான உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியை எடையே இல்லாதது போலப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் சிக்கிய ஒரு துகள் திரும்பத் திரும்ப அதே வழியில் சுற்றும். ஒரே திசையில் துடைத்தால் அது ஒருமுறை போய் விளிம்பில் விழுந்துவிடும்.

இந்தத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970இல் உருவாக்கிய அதிநுண் இழைகளிலிருந்து கிளைத்த குடும்பம் இது. இழை ஒவ்வொன்றும் ஒரு டெனியருக்குக் குறைவு. பட்டுநூலின் இழையைவிட மெல்லியது. பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்த்துச் செய்து, பிறகு பிளந்துவிடுவார்கள். பிளவுகளின் கூர் விளிம்புகள் பிசுக்கை வழித்து எடுக்கின்றன. இடுக்குகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பருத்தித் துணி பெரும்பாலும் எண்ணெயை இடம் மாற்றுகிறது. இது எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. இதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் பெட்டியில் மடித்து வைத்துத் தருவது பெரும்பாலும் இந்தத் துணிதான். 2021இல் ஆப்பிள் ஒரு துடைக்கும் துணியை இந்தியாவில் 1,900 ரூபாய்க்கு விற்பனைக்கு வைத்தபோது அது பெரிய பேச்சானது. மூக்குக்கண்ணாடிக் கடைத் துணியைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் சாதாரணத் திரைக்கு அது போதும்.

சுத்தமாக வைத்துக்கொண்டால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேசையைத் துடைத்த துணியால் திரையைத் துடைத்தால் மைக்ரோஃபைபரும் உப்புத்தாள்தான். திரைக்கு ஒரு துணி, உடலுக்கு ஒரு துணி என்று பிரித்து, ஓரத்தில் நூலால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். துவைக்கும்போது கொஞ்சம் சோப்பு நீர் போதும். துணிகளை மிருதுவாக்க ஊற்றும் வாசனைத் திரவம் கூடவே கூடாது. அதன் மெழுகுத்தன்மை பிளவுகளை அடைத்துவிடும், திரையிலும் படலமாக இறங்கும்.

பழைய வேட்டித் துணி? பலமுறை துவைத்து நைந்த பருத்தி மென்மையானது, மடிக்கணினியின் மூடிக்கும் அடிப்பக்கத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். திரைக்கு வேண்டாம், நூல்துகள் விடும். பட்டறைகளில் கைதுடைக்கக் கட்டுக்கட்டாக வாங்கும் பனியன் வேஸ்ட் எதற்கும் வேண்டாம். அதில் தையலும் இருக்கும், எங்கிருந்தோ வந்த மண்ணும் இருக்கும். டிஷ்யூ தாளும் செய்தித்தாளும் மரக்கூழ் இழை. வீட்டு முகக்கண்ணாடி தாங்கும், மேட் பூச்சு தாங்காது.

உலர் துணியில் போகாதது பெரும்பாலும் எண்ணெய். நம் வீடுகளில் அது எங்கிருந்தெல்லாம் வருகிறது! தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி. தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு, ஓட்டு வீட்டிலும் ஒற்றை அறை வீட்டிலும்கூட அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் மடிக்கணினி இருந்தது. குளிரூட்டிய அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் இந்த வீடுகளை அறியாதவை. புகையும் எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு உலர் துணிக்கு அசையாது.

அதற்குத் தண்ணீர். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது கேள்வி. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. குழாயடியில் படியும் வெள்ளைப் பொருக்கு திரையிலும் புள்ளியாகப் படியும். புள்ளியைப் போக்க மறுபடி தேய்ப்போம். காய்ச்சி வடித்த நீர்தான் பொருத்தம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கேன்களில் விற்பது போதுமானது. சீல் பிரிக்காத கேனாகவும், அமிலம் இல்லையென்று உறுதியாகத் தெரிந்ததாகவும் இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் ஆர்ஓ நீர்.

துணியின் ஒரு மூலையை நனைத்து, இனிப் பிழிய முடியாது என்னும்வரை பிழிய வேண்டும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். ஈரம் ஒட்டக் கூடாது. ஒருபோதும் திரைமேல் நேராகத் தெளிக்கக் கூடாது. ஏன் என்பது அந்த இளைஞர் சொன்னதில் இருக்கிறது. செங்குத்தாக நிற்கும் திரையில் விழுந்த துளி கீழ்ச்சட்டத்துக்கு ஓடுகிறது. சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. நுண்குழாய் ஈர்ப்பால் நீர் அதற்குள் உறிஞ்சப்படுகிறது. பல மடிக்கணினிகளில் திரையை இயக்கும் மின்சுற்று இருப்பது அந்தக் கீழ்விளிம்பில்தான். பின்ஒளியைப் பரப்பும் தாள்களும் அங்கே திறந்திருக்கின்றன. ஒரு துளி போதும். ஈரத்துணியால் துடைத்த உடனே துணியின் உலர்ந்த பகுதியால் இன்னொரு முறை இழுத்துவிட்டால், தண்ணீர் தானாகக் காய்ந்து கோடு விடாது.

ஸ்பிரிட் கூடுமா, கூடாதா

நிபுணர்கள் பிரிந்து நிற்கும் இடம் இதுதான். நெடுங்காலம் பலருடைய அறிவுரை, ஆல்கஹால் திரைக்கு ஆகாது என்பதாக இருந்தது. 2020இல் கொரோனா வந்தது. விசைப்பலகையைத் தொட்டாலே பயம் என்ற நிலையில் நிறுவனங்கள் தம் குறிப்புகளைத் திருத்தின. ஆப்பிள் அந்த மார்ச் மாதத்தில் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானைத் திரை, விசைப்பலகை போன்ற கடினப் பரப்புகளில் மென்மையாகப் பயன்படுத்தலாம் என்றது. எச்பியும் 70 பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 30 பங்கு தண்ணீர் என்ற கலவையைக் கிருமிநீக்கத்துக்குப் பரிந்துரைத்தது. அப்படியானால் பழைய எச்சரிக்கை தவறா? தவறில்லை என்பதே என் முடிவு. கிருமியைக் கொல்ல எப்போதாவது செய்வதும் பளபளப்புக்காகத் தினமும் செய்வதும் வேறு. எண்ணெய் ஒட்டாப் பூச்சு ஒவ்வொரு துடைப்பிலும் கொஞ்சம் தேய்கிறது. முன்கண்ணாடி உள்ள திரையில், தண்ணீருக்கு அசையாத கறைக்கு, துணியில் சில துளி விட்டுத் துடைக்கலாம். படல முகப்புள்ள மேட் திரையில், அந்த மாதிரிக்கு உரிய குறிப்பு அனுமதித்தால் மட்டும் செய்யலாம். இல்லாவிட்டால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். நானோ டெக்ஸ்சர் எனப்படும், கண்ணாடியையே நுண்ணளவில் செதுக்கிய திரை ஒன்று இருக்கிறது. 2024இல் மேக்புக் ப்ரோவுக்கும் வந்தது. அதற்கு உடன் தரும் துணியைத் தவிர வேறு துணி ஆகாது. பிடிவாதமான கறைக்கு அதே துணியில் 70 விழுக்காட்டுக் கரைசல். பொதுவிதி பேசுவதில் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

70 விழுக்காடு என்ற எண் ஏன்? தண்ணீர் கலந்தால் ஆல்கஹால் மெதுவாக ஆவியாகிறது. கிருமியின் புரதத்தைக் குலைக்க நேரம் கிடைக்கிறது. 99 விழுக்காடு பரப்பைத் தொட்டதுமே பறந்துவிடும்.

நம் நாட்டில் இந்தப் பொருளை வாங்குவதில்தான் தடுமாற்றம். மருந்துக்கடையில் கேட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட் கொடுப்பார்கள். சில வாய்பாடுகளில் அதில் விளக்கெண்ணெய், மீத்தைல் சாலிசிலேட் போன்றவை கலந்திருக்கும். தோலுக்கு நல்லது, திரையில் படலம் படியும். கை சானிடைசரும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் வாய்பாட்டிலேயே கை வறளாமல் இருக்க 1.45 விழுக்காடு கிளிசரால் உண்டு. கொரோனா நாட்களில் சானிடைசரால் துடைத்த விசைப்பலகைகள் பிசுபிசுத்ததற்குக் கிளிசராலும் ஒரு காரணம். லேபிளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் இருக்கும் புட்டியைத்தான் வாங்க வேண்டும்; இனி ஸ்பிரிட் என்று நான் சொல்வது இதைத்தான். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் சர்க்யூட் பலகை கழுவ விற்பது கிடைக்கும். செறிவு கூடியது என்றால் காய்ச்சி வடித்த நீரால் 70க்குக் குறைத்துக்கொள்ளலாம். நம் ஊர் அறை வெப்பத்தில் இதன் ஆவி தீப்பற்றும். விளக்கு எரியும் பூஜையறைக்கும் அடுப்பங்கரைக்கும் பக்கத்தில் புட்டியைத் திறக்கக் கூடாது.

இனி, எந்தப் பரப்பிலும் ஆகாதவை. நகப்பூச்சு அழிக்கும் திரவங்களில் உள்ள அசிட்டோன், மடிக்கணினி உடலாகும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பல கண்ணாடித் திரவங்களில் இருக்கும் அம்மோனியா காரத்தன்மை கொண்டது. செல்லுலோஸ் அசிடேட்டுக்குக் காரம் பகை. பற்பசையால் திரைக் கீறலைப் போக்கலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பற்பசையில் இருப்பது சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ. பல்லின் எனாமலைத் துலக்கச் செய்த துகள். கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்து அராவி, ஒரு கோட்டை ஒரு திட்டாக மாற்றித் தரும். ‘மேஜிக்’ என்ற பெயரோடு வரும் வெள்ளை மெலமின் நுரைக்கட்டியும் மிக நுண்ணிய உப்புத்தாள்தான்.

உடல்

திரைக்குச் சொன்ன அளவு உடலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உடலின் பொருள் தெரிய வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் என்றால், ஒரு குவளை நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிழிந்த துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் மறுபடி துடைத்தால் தீர்ந்தது. அலுமினிய உடலின் நிறம், அதன் மேற்பரப்பை மின்வேதியியல் முறையில் ஆக்சைடாக மாற்றி, அந்த ஆக்சைடின் நுண்துளைகளில் ஏற்றிய சாயம். ஆக்சைடு கடினமானது, ஆனால் கனம் மிகச் சொற்பம், அமிலமும் காரமும் அதை அரிக்கும். ஆகவே எலுமிச்சை, வினிகர், சோடா மூன்றும் வேண்டாம். கையணை விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்த அலுமினிய மடிக்கணினிகளைக் கடற்கரை ஊர்களில் பார்த்திருக்கிறேன். வியர்வையின் உப்பு நாள்பட வேலை செய்த இடம் அது. பளபளப்புக்காக இல்லாவிட்டாலும், அந்த உப்பை எடுக்கவாவது கை படும் இடத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

வெல்வெட் போலத் தொடுவதற்கு இதமான ரப்பர் பூச்சுள்ள உடல்கள் ஒரு தனித் துயரம். சில ஆண்டுகளில் அவை பிசுபிசுக்கத் தொடங்கும். அழுக்கென்று நினைத்து எத்தனை துடைத்தாலும் தீராது. அந்தப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றின் ஈரமும் வெப்பமும் அதன் மூலக்கூறுச் சங்கிலியை நீராற்பகுத்து உடைக்கின்றன. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோரக் காற்றில் இது விரைவாக நடக்கும். பூச்சே சிதைந்த பிறகு திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஸ்பிரிட் துணியால் பொறுமையாக முழுவதையும் உரித்தெடுத்துவிட்டு, அடியில் இருக்கும் வெற்றுப் பிளாஸ்டிக்கோடு வாழ்வதுதான் தீர்வு. இரண்டு மாலைப்பொழுதுகள் ஆகும்.

ஒட்டுவில்லையின் பசைக்கு நம் வீட்டு மருந்தே நல்லது. தேங்காய் எண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டால் பசை இளகும். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் மெல்லத் தள்ளி எடுத்து, எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். காற்றுத் துளைகளுக்கும் விசை இடுக்குக்கும் பக்கத்தில் எண்ணெயைக் கொண்டுபோகக் கூடாது.

விசைப்பலகையைக் கவிழ்த்து மெல்லத் தட்டி, தூரிகையால் இடுக்குகளை வருடினாலே பெரும்பகுதி விழுந்துவிடும். ஒரு தூசித் துகள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு, 2015இல் மேக்புக்கில் அறிமுகமான மெல்லிய ‘பட்டாம்பூச்சி’ விசைகளைக் காட்டலாம். துகள் புகுந்து விசைகள் ஒட்டிக்கொண்டதைத் தொடர்ந்து, கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்துக் காற்றடிக்கும்படி ஆப்பிள் குறிப்பே வெளியிட்டது. 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கமும் அறிவித்தது. அழுத்தக் காற்றுக் குப்பியை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். பல குப்பிகளுக்குள் இருப்பது காற்றில்லை. டைஃப்ளூரோஈத்தேன் என்னும் திரவமாக்கிய வாயு. கவிழ்த்தால் திரவமாகவே பீறிடும். அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 25 பாகை. பட்ட பிளாஸ்டிக் உறைந்து வெடிக்கும். காற்றுத் துளையில் ஊதும்போது மின்விசிறி கட்டுப்பாடில்லாமல் சுழன்று அச்சு கெடக்கூடும். பல்குத்தும் குச்சியால் இதழைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். கடைகளில் வைத்திருக்கும் பெரிய ப்ளோயரை இதற்குப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

ஆண்டுக்கொருமுறை மட்டும் வரும் கறை ஒன்று மீதமிருக்கிறது. ஆயுத பூஜையன்று தொழிற்கருவிக்குப் பொட்டு வைக்கும் வழக்கத்தில் மடிக்கணினியும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அலுவலகங்களில் வரிசையாக மூடியைத் திறந்து வைத்து, திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் இடுகிறார்கள். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன், என் மேசையிலும் செய்கிறேன். ஆனால் திருநீறு சாம்பல். பாத்திரம் துலக்க நம் பாட்டிமார் எடுத்த அதே குடும்பத்துப் பொருள். காய்ந்த சந்தனமும் உலர் துணியில் அகப்பட்டால் அராவும். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சோப்புப் பட்டால் சிவக்கும் என்பதைச் சேலைத் தலைப்பில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே மறுநாள் எடுக்கும்போது முறை இப்படி: காய்ந்த பொடியை முதலில் தூரிகையால் தட்டி, ஊதுபந்தால் ஊத வேண்டும். சந்தனத்தின்மேல் ஈரத்துணியை இரண்டு நிமிடம் வைத்து, இளகியதும் ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள் தடம் நின்றால் உடலில் மட்டும் ஒரு துளி ஸ்பிரிட். சிறு தடம் மிஞ்சினால் விட்டுவிடலாம்; குர்குமின் வெளிச்சத்தில் தானே வெளிறும். எங்கள் வீட்டில் இப்போது அம்மா, மூடியின் வெளிப்புற மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் தாளை ஒட்டச் சொல்லி, அதன்மேல் பொட்டு வைக்கிறார். விஜயதசமி காலையில் தாளை மட்டும் உரித்தெடுத்து, துளசி மாடத்தில் வைத்துவிடுகிறார்.